ஃபில்டரை நிறுத்த வேண்டாம், இழுப்பைக் குறைத்தால் போதும்

தொட்டி மீன் ஒன்று ஃபில்டரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு துடிப்பதைப் பார்த்தால் எவருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: இந்த இயந்திரம் மீனைக் கொல்கிறது, நிறுத்திவிடு. புதுச்சேரியில் எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் தம்பி ஒருவன் ஒரு மாலை ஓடிவந்து கேட்டதும் அதைத்தான். "அக்கா, ஃபைட்டர் மீன் ஃபில்டரில் மாட்டிக்கொண்டது. அம்மா ஸ்விட்சை அணைத்துவிட்டார்கள். இனிமேல் போடவே வேண்டாம் என்கிறார்கள். அப்படியே விட்டுவிடலாமா?"

"அணைத்தது சரி, தம்பி. அணைத்தே வைத்திருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவனுடன் போனேன். அன்று அவனுக்குச் சொன்னதையும், அங்கே நின்றபடி சொல்ல முடியாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். சிறிய தொட்டியில் ஃபைட்டரோ தங்கமீனோ வளர்க்கும் பலர் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மீனைக் காப்பாற்றுவதாக எண்ணி ஃபில்டரை நிறுத்துகிறார்கள். சில நாட்களில் மீன் அடியில் கிடக்கிறது. "ஏற்கெனவே பலவீனமான மீன், போய்விட்டது" என்று சொல்லி ஆறுதல் கொள்கிறார்கள். அந்தச் சாவுகளில் பலவற்றைத் தடுத்திருக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மீன் ஒட்டிக்கொண்டால் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அதன் பிறகுதான் தொட்டிக்குள் கை போகலாம். ஓடுகிற மோட்டாரிலிருந்து மீனைப் பிடித்து இழுத்தால் துடுப்பு கிழியும். உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான சளிப்படலமும் உரிந்துவிடும். கிருமிகளுக்கு எதிராக மீனுக்கு இருக்கும் முதல் அரண் அந்தப் படலம்தான். இழுப்பு நின்றதும் மீன் தானாகவே விலகும். விலகிய மீன் அடுத்து என்ன செய்கிறது என்பதைக் கண்ணை எடுக்காமல் கவனியுங்கள். சுதாரித்துக்கொண்டு மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்பினால், உங்கள் மோட்டாரின் இழுப்புத்தான் அளவுக்கு மிஞ்சியது. ஒரு பக்கமாகச் சாய்ந்து அடியில் போய்ப் படுத்தால், ஃபில்டரிடம் மாட்டுவதற்கு முன்பே அந்த மீன் நலம் கெட்டிருந்திருக்கலாம்.

நலமான மீன் வீட்டுத் தொட்டி ஃபில்டரில் மாட்டுவது அரிது. உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோட்டு உணர்வுறுப்பால் நீரின் அசைவை அது அறிந்துகொண்டு விலகிப் போய்விடும். இரவில் இறந்துபோன மீனும் ஓட்டத்தில் மிதந்து கடைசியில் ஃபில்டரின் வாயில்தான் வந்து சேரும். காலையில் பார்ப்பவர் ஃபில்டர் கொன்றுவிட்டது என்றே முடிவு கட்டுவார். ஆகவே நம் முன்னால் இரண்டு வேலைகள் இருக்கின்றன: இழுப்பைத் தணிப்பது, மீன் ஏன் நீந்த முடியாமல் போனது என்று தேடுவது. முதல் வேலையை இன்று மாலையே முடித்துவிடலாம். இரண்டாவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

சில மீன்களை மட்டும் இந்தப் பொது விதியிலிருந்து விலக்கிப் பார்க்க வேண்டும். நீண்ட துடுப்புள்ள ஃபைட்டர் அவற்றில் முதன்மையானது. தாய்லாந்தின் நெல்வயல்களும் சதுப்பு நிலங்களும் அதன் பூர்வீகம். அங்கே தண்ணீர் நகர்கிறதா என்றே தெரியாது. அதன் தலைக்குள் காற்றை நேரடியாகச் சுவாசிக்க உதவும் தனி உறுப்பு இருப்பதால் தேங்கிய நீரிலும் பிழைத்துக்கொள்கிறது. இயற்கையில் வாழும் ஃபைட்டருக்குத் துடுப்பு சிறியது, உடல் விறைப்பானது. அழகுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் துடுப்புகள் நீண்டுகொண்டே போயின. 180 டிகிரிக்கு விசிறி போல் விரியும் 'ஹாஃப் மூன்' வாலைச் சுமந்துகொண்டு சின்ன ஓட்டத்தை எதிர்ப்பதே அதற்குப் பெரும்பாடு. கண்ணுக்குக் கீழே நீர்ப்பை தொங்கும் 'பபிள் ஐ' தங்கமீனின் நிலை இன்னும் மோசம். அந்தப் பை ஃபில்டரின் பிளவில் இழுபட்டால் கிழிந்தே போகும். இவை நோயாளிகள் இல்லை. ஆனாலும் ஓட்டத்தை எதிர்க்க முடியாத உடலை நாம் அவற்றுக்குக் கொடுத்திருக்கிறோம். அதனால் காக்கும் பொறுப்பும் நம்முடையதாகிறது.

ஃபைட்டரின் உறவுக்கார மீன் ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. சூடோஸ்ஃப்ரோமெனஸ் குப்பானஸ் என்பது அதன் அறிவியல் பெயர். பிரெஞ்சு விலங்கியலாளர் ஜார்ஜ் கூவியே 1831-இல் அதை முதன்முதலில் விவரித்தபோது, மாதிரி மீன் கிடைத்த இடமாகப் பதிவானது நம் அரியாங்குப்பம் ஆறு. விரல் நீளம்கூட வளராத பழுப்பு நிற மீன். ஃபைட்டரைப் போலவே மேலே வந்து காற்றை விழுங்கும். செடிகள் அடர்ந்த, ஓட்டமில்லாத ஓரங்களில் ஒதுங்கி வாழும். இவ்வகை மீன்களுக்கு எப்படிப்பட்ட தண்ணீர் வேண்டும் என்று யாராவது கேட்டால், புதுச்சேரியில் குளத்தங்கரைச் செடி மறைவைக் காட்டினாலே போதும்.

இப்போது இழுப்பின் கணக்குக்கு வருகிறேன். தம்பியின் தொட்டி 25 லிட்டர். உள்ளே வைக்கும் வகை ஃபில்டர். அட்டைப்பெட்டியில் மணிக்கு 400 லிட்டர் என்று போட்டிருந்தது. அதாவது தொட்டித் தண்ணீர் முழுவதும் ஒரு மணி நேரத்தில் 16 முறை அந்த மோட்டாருக்குள் போய் வருகிறது. பஞ்சு அடைபட அடைபட உண்மையான அளவு குறையும் என்பது சரிதான். ஆனாலும் பொதுவாகச் சொல்லப்படும் நான்கைந்து மடங்கு எங்கே, இது எங்கே! தொட்டி வாங்கும்போது "இதற்கு எந்த ஃபில்டர்?" என்று கேட்டால், கையிலிருக்கும் சிறிய ஃபில்டரை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் எந்த மீனை விடப்போகிறீர்கள் என்று கேட்பவர் குறைவு.

மணிக்கு 400 லிட்டர் என்றால் நொடிக்கு 111 மில்லிலிட்டர். ஃபில்டரின் பக்கவாட்டில் 2 மி.மீ. அகலமும் 2 செ.மீ. நீளமும் கொண்ட 10 பிளவுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தத் திறப்பு 4 சதுர சென்டிமீட்டர். அந்த வழியே தண்ணீர் நொடிக்கு ஏறக்குறைய 28 செ.மீ. வேகத்தில் பாய்ந்தாக வேண்டும். அந்த இடத்தை 5 செ.மீ. விட்டமும் 8 செ.மீ. உயரமும் உள்ள உருளைப் பஞ்சால் மூடிவிட்டால், தண்ணீர் நுழையும் பரப்பு 126 சதுர சென்டிமீட்டராக விரிகிறது. அதே மோட்டார், அதே அளவு தண்ணீர்; வேகம் மட்டும் நொடிக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வீராம்பட்டினம் தேரோட்டத்தன்று குறுகிய தெருவில் நம்மைத் தள்ளிக்கொண்டு போகும் கூட்டம், கடற்கரை மணலுக்கு வந்ததும் தோளில் இடிக்காமல் நடப்பது போலத்தான் இது. கூட்டம் குறையவில்லை, இடம் அகன்றது.

பிளவில் மீன் ஒட்டினால் விடுபட முடியாமல் போவதற்கும் இந்தக் கணக்கே காரணம். பத்துப் பிளவில் ஆறை மீனின் உடல் அடைத்தால், மீதி நான்கின் வழியே தண்ணீர் இன்னும் வேகமாகப் பாயும். உள்ளே அழுத்தம் குறையும். வெளியே நிற்கும் தண்ணீர் மீனை மேலும் அழுத்திப் பிடிக்கும். பஞ்சின் மேல் மீன் சாய்ந்தாலோ அது மறைக்கும் பரப்பு சொற்பம். சுற்றிலும் தண்ணீர் நுழைய எத்தனையோ வழி இருக்கிறது. என் வயதான ஃபைட்டர் தன் ஃபில்டரின் பஞ்சு மேலேயே சாய்ந்து ஓய்வெடுக்கிறது.

எனவே பஞ்சு வாங்குங்கள். மீன் கடைகளில் நடுவில் ஓட்டையுள்ள உருளைப் பஞ்சு தனியாகவே கிடைக்கும். துளைகள் சற்றுப் பெரியவையாக, அங்குலத்துக்கு 20 முதல் 30 வரை இருப்பது நல்லது. அதைவிட நெருக்கமானது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கும் பஞ்சைப் போடாதீர்கள், அதில் கிருமிநாசினி ஊட்டியிருக்கலாம். அவசரத்துக்கு நைலான் காலுறை ஒன்றை ஃபில்டருக்கு மாட்டி ரப்பர் வளையம் போடலாம். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் மலிவாகவே கிடைக்கும். ஆனால் ஓரிரு நாளுக்கு ஒரு முறை அலச வேண்டியிருக்கும். கொசுவலைத் துண்டைக் கட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். பூச்சிமருந்து ஏற்றிய கொசுவலையாக இருந்தால் அதிலுள்ள பைரித்ராய்டு வகை மருந்து மீனுக்குக் கடும் நஞ்சு. சாதாரண வலைதான் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் தொடவே வேண்டாம். இதே காரணத்துக்காக, கொசுவிரட்டி திரவத்தை மீன்தொட்டி இருக்கும் அறையில் செருகாதீர்கள். ஏர் மோட்டார் அந்த அறையின் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள்தான் அனுப்புகிறது.

இழுக்கும் பக்கத்தைச் சரிசெய்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். தண்ணீரை வெளியே தள்ளும் பக்கமும் பலவீனமான மீனைக் களைப்பாக்கும். ஒரு சிறிய இலைத் துணுக்கை மேலே போட்டுப் பாருங்கள். அது தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடினால் உங்கள் மீனும் நாள் முழுவதும் அந்த ஓட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. ஃபில்டரின் மூக்கைக் கண்ணாடியை நோக்கித் திருப்பி வையுங்கள். வேகம் சுவரில் மோதி உடையும். ஓட்டத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் குறைவான அளவில் வையுங்கள். தொட்டியின் ஒரு மூலையாவது அசையாமல் இருக்க வேண்டும். அங்கே அகன்ற இலையுள்ள செடி ஒன்று, நீர்மட்டத்துக்கு அருகில். மீன் அதன்மேல் படுத்துக்கொண்டே எட்டிக் காற்றை விழுங்கலாம்.

ஃபில்டருக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள இடுக்கைப் பலர் கவனிப்பதே இல்லை. களைத்த மீன் ஒதுங்க இடம் தேடி அதற்குள் நுழையும். பிறகு திரும்ப முடியாது. ஃபைட்டர் மேலே வந்து காற்றைச் சுவாசித்தே தீர வேண்டிய மீன். சந்தில் சிக்கினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டி இறந்துவிடும். ஒரு பஞ்சுத் துண்டை அந்தச் சந்தில் திணித்தால் போதும், வேலை முடிந்தது.

நிரந்தரத் தீர்வு கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஒரு பஞ்சு, நடுவில் ஒரு குழாய், வெளியே ஓர் ஏர் மோட்டார். குழாய்க்குள் காற்றுக் குமிழிகள் ஏறும்போது உள்ளிருக்கும் நீர்த்தூண் வெளியிலுள்ள நீரைவிட இலேசாகிறது. வெளியிலுள்ள கனமான நீர் பஞ்சின் வழியே மெதுவாக உள்ளே நுழைந்து அதை மேலே தள்ளுகிறது. தண்ணீருக்குள் சுழலும் விசிறி இல்லை, பிளவு இல்லை. பொரித்து ஓரிரு நாளான குஞ்சுகளுக்கே உலகெங்கும் மீன் வளர்ப்போர் இதைத்தான் வைக்கிறார்கள். குஞ்சுக்குப் பாதுகாப்பானது நோயாளி மீனுக்கும் பாதுகாப்பானது. குமிழி மிகுதியாகத் தோன்றினால் ட்யூபில் ஒரு சிறிய வால்வு போட்டுக் குறைத்துக்கொள்ளலாம்.

சரி, நிறுத்தினால்தான் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். ஃபில்டர் அழுக்கைப் பிடிக்கும் கருவி என்று மட்டும் நினைப்பதால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது. மீன் தன் செவுள் வழியாக எந்நேரமும் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்தக் கூட்டம் புதிய தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அவற்றுக்கு ஓடும் தண்ணீரும் ஆக்சிஜனும் வேண்டும். ஃபில்டரை நிறுத்தினால் பஞ்சுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து அவை மடியத் தொடங்கும். தொட்டியில் அம்மோனியா ஏறும். ஏற்கெனவே சோர்ந்த மீனின் செவுளை அது எரிக்கும். ஃபில்டரின் இழுப்பு மீனைக் கொல்லலாம் என்பது ஓர் ஆபத்து. நிறுத்திய தொட்டியில் அம்மோனியா ஏறுவதோ, தண்ணீரை நாள்தோறும் மாற்றாதவரை, நிச்சயம்.

நம் ஊரில் இந்த ஆபத்து கூடுதல். கடலோரத் தெருக்களில் ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கிறது, சுண்ணாம்பும் மிகுதி. என் வீட்டுத் தண்ணீரின் பிஎச் அளவு (அமில, காரத் தன்மையின் அளவு) எப்போதும் 8-ஐ ஒட்டியே நிற்கும். அம்மோனியாவில் மீனை உண்மையாகவே தாக்குவது அயனியாகாத (மின்னேற்றம் இல்லாத) பகுதி. 28 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் அது 100-க்கு ஒரு பங்குகூட இல்லை. பிஎச் 8 ஆனால் ஏறக்குறைய 6.5 பங்கு. ஒரே அளவு கழிவு, ஒன்பது மடங்குக்கும் மேற்பட்ட நஞ்சு. மென்மையான நீர் கிடைக்கும் ஊரில் ஒருவர் தப்பித்துக்கொள்ளும் அலட்சியம் இங்கே செல்லாது.

தம்பியின் தொட்டியை அம்மோனியா சோதனைக் கிட்டால் பார்த்தபோது குப்பி பச்சையாக மாறியது; அம்மோனியா ஏறியிருந்தது. மீன் ஏன் மாட்டியது என்பதற்கு விடை அங்கேதான் இருந்தது. வாரந்தோறும் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்து பளிச்சென்று ஆக்கியிருக்கிறார்கள். குளோரின் கலந்த அந்தத் தண்ணீர் நுண்ணுயிர்களை அழித்துவிட்டது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பஞ்சை மெதுவாகப் பிழிய வேண்டும், அதுவும் ஓட்டம் குறைந்தால் மட்டும். ஒரு நாள் முழுவதும் வாளியில் வைத்திருந்த தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றினோம். என் தொட்டியில் பழகிய பஞ்சு ஒன்றைக் கொண்டுபோய் அவன் ஃபில்டருக்கு மாட்டினேன். நான் எப்போதும் என் ஃபில்டரோடு உபரியாக ஒரு பஞ்சை ஊறப்போட்டிருப்பது இப்படிப்பட்ட நாட்களுக்காகத்தான். அவன் அம்மா மறுபடியும் ஸ்விட்சைப் போட ஒப்புக்கொண்டார். அந்த மீன் இப்போது தானாக வந்து இரை கேட்கிறது.

எல்லா மீனுக்கும் காரணம் தண்ணீராகவே இருக்காது. வயிறு உப்பி, மிதவைப் பை ஒத்துழைக்காமல் தலைகீழாக மிதக்கும் மீன் இருக்கிறது. அதற்கு ஓரிரு நாள் இரை கொடுக்காமல் வைத்துவிட்டு, பிறகு ஊறவைத்த சிறு துணுக்குகளைக் கொடுக்கலாம். துடுப்பு அழுகல் இருக்கிறது. முதுமையும் இருக்கிறது: ஃபைட்டர் பெரும்பாலும் மூன்று ஆண்டுகள் வாழும், சில மேலும் வாழும். மார்கழி விடியலில் தொட்டி நீர் 23, 24 டிகிரிக்கு இறங்கும்போது என் வயதான மீன் இன்னும் மந்தமாகிவிடுகிறது. அதற்கு விருப்பமானது 25 முதல் 28 வரை.

இவற்றில் எதுவானாலும் மீன் மேலே வர எடுக்கும் முயற்சியைக் குறைப்பதே முதல் உதவி. நீர்மட்டத்தை 10, 12 சென்டிமீட்டருக்கு இறக்குங்கள். தண்ணீர் குறைவதால் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். உள்ளே வைக்கும் ஃபில்டராக இருந்தால் அது நீருக்கு மேலே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தனித்தொட்டியில் வைத்தால் லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு சேர்க்கலாம். 10 லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி ஏறக்குறைய சரியாக வரும். மரக்காணம் உப்பளத்திலிருந்து வரும் சாதாரணக் கல் உப்பே போதும். உப்பு மீனின் உடல் நீர்ச்சமநிலையைக் காக்கும் உழைப்பைக் குறைக்கிறது. நைட்ரைட்டு செவுள் வழியே நுழைவதையும் தடுக்கிறது. கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். செடிகள் உள்ள தொட்டியில் வேண்டாம். நாட்டு வாதுமை மரம் நம் தெருக்களில் எங்கும் நிற்கிறது; சிவந்து தானாக உதிர்ந்து காய்ந்த இலையைக் கழுவிப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும். அதிலுள்ள துவர்ப்புப் பொருள் கிருமிகளை ஓரளவு அடக்கும். இலை ஓட்டத்தை மறைத்து மீனுக்கு நிழலும் தரும்.

கடைசியாக, மின்வெட்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரையேறியபோது ஊரே வெள்ளத்தில் நின்றது. இந்தக் கரையில் மீன் வளர்ப்பவர் ஐப்பசி பிறக்கும்போதே பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் மோட்டார் ஒன்றை வாங்கி வைப்பது நல்லது. ஸ்பாஞ்ச் ஃபில்டரில் அதை அப்படியே செருகிவிடலாம். ஏர் மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது ட்யூபில் ஒருவழி வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் நின்றதும் தொட்டித் தண்ணீர் ட்யூப் வழியே பின்னோக்கி இறங்கி மோட்டாருக்கும் பிளக்குக்கும் போய்விடும். மின்சாரம் இல்லாத நாளில் இரை போடாதீர்கள். இரை குறைந்தால் அம்மோனியாவும் குறையும். ஒரு குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு பஞ்சின்மேல் மெதுவாக ஊற்றினாலே நுண்ணுயிர்களில் பெரும்பகுதி தாக்குப்பிடிக்கும். மின்சாரம் வந்த மகிழ்ச்சியில் உடனே ஸ்விட்சைப் போட்டுவிடாதீர்கள். பல மணி நேரம் மூடிக் கிடந்த ஃபில்டருக்குள் அழுகிய, துர்நாற்றமடிக்கும் தண்ணீர் தேங்கியிருக்கும். அதை வெளியே எடுத்து, உள்ளிருக்கும் நீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டி நீரில் அலசிய பிறகே மறுபடியும் ஓடவிடுங்கள்.